முத்தரசியோடு வந்த டவர்

முத்தரசி வந்து இறங்கிய அன்று விளாத்திகுளத்துப் பக்கத்து டவரும் அவளோடு வந்து இறங்கியது. விமான நிலையத்திலிருந்து கம்பெனி வேனில், மணல்காட்டுக்கு நடுவே போட்ட ரோட்டில் ஐம்பது நிமிடம், மடியில் துணிப்பையை வைத்துக்கொண்டு, மகள் செண்பகத்தின் முகத்தைப் போனில் பார்த்துப் பேசிக்கொண்டே வந்தாள். வேன் நின்ற பிறகும் பேச்சை நிறுத்தாமல் மாடிப்படி ஏறி, எங்கள் கூடத்துக்குள் நுழைந்து, "இந்தா பாரு, இவங்க கூடத்தான் அம்மா இருக்கப் போறேன்" என்று போனைத் திருப்பி எங்கள் நாற்பது பேரையும் மகளுக்குக் காட்டினாள். நாங்கள் மகளைப் பார்க்கவில்லை. போனை அணைக்கச் சொல்லி எட்டுப் பேர் ஒரே நேரத்தில் அவள் கையைப் பிடித்தோம்.

பட்டுத் தெரிந்தவர்கள் நாங்கள். பெரும்பாலும் தெற்கத்தி ஜில்லாக்களிலிருந்து போய், அந்த வளைகுடா நாட்டின் ஆஸ்பத்திரிகளையும் பள்ளிக்கூடங்களையும் கூட்டித் துடைக்கும் கம்பெனியில் வேலை பார்த்தவர்கள். ஊர் சிம்மை வைத்துக்கொண்டு வெளிநாட்டில் டேட்டாவைத் திறந்தால் என்ன ஆகும் என்பதற்கு ஒவ்வொருத்தியிடமும் ஒரு கதை இருந்தது. நாசரேத்து ஜெபமணி அக்கா அண்ணன் பேரனின் ஞானஸ்நானப் போட்டோக்களைத் திறந்து பார்த்ததில் ஒரு மாதச் சம்பளம் போனது. நான் எதையுமே திறக்கவில்லை. போன் பையில் கிடந்தபடியே தன்னைத் தானே எதையோ புதுப்பித்துக்கொண்டது, அதற்கே அரை மாதச் சம்பளம். அதனால் புதிதாக வருகிறவளுக்கு நாங்கள் சொல்லும் முதல் பாடம், விமானம் தரை தொடும் முன்பே டேட்டாவை மூடு, ரோமிங்கை மூடு, வந்ததும் ஊர் சிம்மைக் கழற்றிக் காகிதத்தில் மடித்து வை, பேங்கிலிருந்து நம்பர் வரவேண்டிய அன்றைக்கு மட்டும் எடுத்துப் போடு என்பதுதான். அந்த நாட்டு சிம்மில் முகம் பார்த்துப் பேச வழி கிடையாது, அரசாங்கமே அடைத்து வைத்திருந்தது. அதற்கென்று கீழே கடையில் தனி கார்டு வாங்க வேண்டும், பிள்ளையைக் கூப்பிட்டுப் போன் முன்னால் நிறுத்துவதற்குள் அந்தக் கார்டு தீர்ந்துவிடும்.

முத்தரசி போனை ஜெபமணி அக்காவிடம் கொடுத்தாள். மேலே ஊர் கம்பெனியின் பெயர் இருந்தது. சிக்னல் நாலு கோடும் முழுசாக நின்றன. ரோமிங் என்ற எழுத்து இல்லை. மணி எங்கள் மணி இல்லை, ஊர் மணி.

"ஏளா, இது ஊர் டவர்லா" என்றாள் ஜெபமணி அக்கா.

"எங்க ஊருக்கு வெளிய கருவக்காட்டுக்குள்ள ஒரு டவர் நிக்கி. அதாத்தான் இருக்கும்" என்றாள் முத்தரசி, பக்கத்து வீட்டுக்காரி அதே பஸ்ஸில் வந்ததைச் சொல்வது போல.

யாரும் அதிசயப்படவில்லை. காலை நாலரைக்கு வேன் ஏற வேண்டியவர்களுக்கு அதிசயப்பட நேரம் கிடையாது. பெட்டிகளைத் திறந்து, காகித மடிப்புகளைப் பிரித்து, கம்மலின் கொக்கியால் போனைக் குத்தித் திறந்து ஊர் சிம்மைப் போட்டுக்கொண்டு அவளைச் சுற்றி நின்றோம். அவளிடமிருந்து இரண்டு கட்டில் தூரம் வரை எங்கள் போன்களிலும் நாலு கோடு நின்றது. மூன்றாவது கட்டிலுக்குப் போனால் அந்நிய நாடு. அவள் குளிக்கப் போனால் குளியலறை வாசல் வரைக்கும் விளாத்திகுளம், கூடம் வெளிநாடு. தமிழ்நாட்டு சிம்முக்கெல்லாம் எடுத்தது, ஆந்திராப் பெண்களுக்கும் எடுத்தது. நுவரெலியாவிலிருந்து வந்திருந்த யோகேஸ்வரி ஆசையாகத் தன் சிம்மைப் போட்டுக்கொண்டு வந்து நின்றாள். அவளுடைய போன் 'ரோமிங்' என்று காட்டியது. அவள் சிம்மைக் கழற்றிக்கொண்டு தன் கட்டிலுக்குப் போனாள். மாதத்தில் ஒரு நாள் காலை ஒன்பதிலிருந்து சாயங்காலம் வரை எங்கள் நாலு கோடும் செத்துப் போகும். அன்று விளாத்திகுளத்தில் பராமரிப்புக்காகக் கரண்ட் கட் என்று செண்பகம் சொல்லித் தெரிந்துகொண்டோம். அதற்குப் பிறகு அந்த நாளைத் துணி துவைக்கும் நாளாக வைத்துக்கொண்டோம்.

ஒரு வாரத்துக்குள் ஏற்பாடுகள் ஆகிவிட்டன. முத்தரசியின் கட்டில் கூடத்தின் நடுவுக்கு வந்தது. யார் யாருக்கு எந்த நேரம் என்று ஜெபமணி அக்கா எழுதிச் சுவரில் ஒட்டினாள். எட்டுப் பேர் உட்கார, எட்டுப் பேர் காத்திருக்க, முத்தரசி நடுவில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் இருப்பாள். அவளுக்கு நாங்கள் சமைத்தோம், அவள் துணியை நாங்கள் துவைத்தோம், கால் மரத்துப் போனால் அமுக்கிவிட்டோம். நாங்கள் நன்றி கெட்டவர்கள் இல்லை என்பதற்காக இதைச் சொல்கிறேன்.

அந்த இரண்டு வருஷம் நாங்கள் பாதி ஊரில் வாழ்ந்தோம். ஜெபமணி அக்கா ஞாயிறு சாயங்கால ஆராதனை முழுவதையும் போனை மடியில் வைத்து முழங்காலிட்டுக் கேட்டாள். ஆண்டிபட்டிக்காரி ஒருத்தி தன் எருமை கன்று போடுவதைப் பார்த்துக்கொண்டே புருஷனுக்குப் பக்குவம் சொல்லிக்கொண்டிருந்தாள். நான் அருப்புக்கோட்டையில் இருக்கும் என் மகனுக்குத் தினமும் ஒரு மணி நேரம் கணக்குச் சொல்லிக் கொடுத்தேன். எட்டாம் வகுப்பில் தோற்கிற நிலையில் இருந்தவன் ஒன்பதாவதில் முதல் பத்துக்குள் வந்தான். எல்லோரும் முத்தரசிக்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான் பேசுவோம். அவரவர் குடும்பத்துப் பேச்சு, அடுத்தவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு பேச முடியாது. முத்தரசி எட்டு முதுகுகளுக்கு நடுவே, நாற்பது குடும்பத்துச் சண்டையையும் அழுகையையும் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். ஒருத்தி விஷயத்தை இன்னொருத்தியிடம் அவள் ஒரு நாளும் சொன்னதில்லை. அவளுக்கென்று நேரம் சுவரில் எழுதப்படவில்லை. டவரே அவளுடையதுதானே, எப்போது வேண்டுமானாலும் பேசிக்கொள்வாள் என்று நினைத்தோம். ஆனால் செண்பகம் பள்ளிக்கூடம் விட்டு வருகிற நேரமும் நாங்கள் வேலை விட்டு வருகிற நேரமும் ஒன்றாக இருந்தன, எட்டுப் பேரின் கூச்சலில் அவள் மகளின் குரல் அவளுக்குக் கேட்காது, "என்னது தாயி, சத்தமாச் சொல்லு" என்று போனைக் காதோடு அழுத்திக்கொள்வாள்.

விஷயம் கேம்ப் பாஸுக்குத் தெரிந்தது. எங்கள் கட்டிடத்தையும் எங்கள் பாஸ்போர்ட்டுகளையும் பார்த்துக்கொள்ளும் மனிதரை அப்படித்தான் கூப்பிடுவோம். கார்டு விற்கும் கடைக்காரர் போய், வியாபாரம் படுத்துவிட்டது, அந்தப் பெண்ணை வேறு கட்டிடத்துக்கு மாற்றுங்கள் என்றிருக்கிறார். கேம்ப் பாஸ் மேலே வந்தார். கூடத்தின் வாசலில் நின்று எங்களை வெகுநேரம் பார்த்தார். முந்தின வருஷம் அந்தக் கூடத்திலிருந்து ஆறு பேர் வேலையை விட்டு ஊருக்கு ஓடியிருந்தார்கள், இரண்டு பேர் படுத்த படுக்கையாகக் கிடந்து அழுதார்கள். முத்தரசி வந்த பிறகு ஒருத்தியும் ஓடவில்லை, ஒருத்தியும் அழவில்லை. அவர் அதைப் புரிந்துகொண்டார். மறுநாளிலிருந்து முத்தரசிக்குத் துடைப்ப வேலை இல்லை, கேம்ப்பிலேயே இருந்தால் போதும், அதே சம்பளம் என்று சொல்லிவிட்டார். நாங்கள் அவளைக் கட்டிப்பிடித்துச் சிரித்தோம். அவளும் சிரித்தாள். அதற்குப் பிறகு அவள் அந்தக் கட்டிடத்தின் வாசலைத் தாண்டியதாக எனக்கு நினைவில்லை.

இரண்டு வருஷ ஒப்பந்தம் முடிய ஒரு மாதம் இருக்கும்போது செண்பகம் கூப்பிட்டாள். மதியச் சாப்பாட்டு நேரம், நான் முதுகுவலிக்காக லீவு போட்டுப் படுத்திருந்தேன். கூடத்தில் நாங்கள் இரண்டு பேர்தான்.

செண்பகம் பிளஸ் டூ முடித்து மதுரையில் நர்சிங் படிக்க இடம் வாங்கியிருந்தாள். புருஷன் இறந்த பிறகு முத்தரசி மகளைத் தன் தம்பி பாலவேசத்தின் வீட்டில் விட்டுவிட்டு வந்திருந்தாள். இப்போது பாலவேசம் தன் மச்சினனுக்கு அவளைப் பேசி முடித்திருந்தான். மாப்பிள்ளைக்கு முப்பத்து நாலு வயது, சாயல்குடியில் லாரி வைத்திருக்கிறான். பெண்ணுக்குப் பதினெட்டு முடிந்து இருபது நாள் ஆகியிருந்தது.

"நீ வாம்மா. போன்ல பேசாத. மாமா போன்ல பேசுனா சரி சரின்னுட்டு வச்சிருது. நீ வந்து வாசல்ல நின்னாத்தான் பயப்படும்."

"வந்துருதேன் தாயி. ஒப்பந்தம் முடியுது. வந்துருதேன்."

அன்றைக்கே கீழே போய்ப் பாஸ்போர்ட்டைக் கேட்டாள். கேம்ப் பாஸ் அன்பாகத்தான் பேசினாராம். ஆறு மாதம் இன்னும் இரு, பதிலுக்கு ஆள் இல்லை, அடுத்த தடவை டிக்கெட்டும் நானே போடுகிறேன் என்றிருக்கிறார். பதிலுக்கு எந்த ஆள், நாற்காலியில் உட்காருவதற்கா என்று அவள் கேட்கவில்லை.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். முத்தரசி வருவதற்கு முன்னால் ஜெபமணி அக்காவின் தகப்பனார் இறந்தபோதும் அவர் இப்படித்தான் இழுத்தடித்தார். நாங்கள் நாற்பது பேரும் அன்று வேனில் ஏறவில்லை. கீழ்ப்படியிலிருந்து மூன்றாவது மாடி வரை படிக்கட்டில் வரிசையாக உட்கார்ந்துவிட்டோம். ஒருத்தியும் பேசவில்லை, கோஷம் போடவில்லை, உட்கார்ந்தோம், அவ்வளவுதான். ஆஸ்பத்திரியிலிருந்து போன் மேல் போன் வந்தது. பதினோரு மணிக்குப் பாஸ்போர்ட் வந்துவிட்டது. செய்யத் தெரியாதவர்கள் இல்லை நாங்கள்.

முத்தரசி எங்களிடம் வந்து படிக்கட்டில் உட்காருங்கள் என்று கேட்கவில்லை. அவர் சொன்னதை மட்டும் சொன்னாள். சொல்லிவிட்டு ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள்.

ஜெபமணி அக்காதான் முதலில் வாயைத் திறந்தாள். "ஆறு மாசம் கண்ண மூடித் தொறக்கதுக்குள்ள ஓடிரும் பிள்ளே. அதுக்குள்ள கல்யாணத்த நிறுத்தணும், அவ்ளோதானே. டவர் நம்ம கையில இருக்கு. நாங்க பேசுதோம் உன் தம்பிகிட்ட."

எல்லோரும் தலையாட்டினோம். நானும் ஆட்டினேன். என் மகனுக்கு அந்த வருஷம் பத்தாவது பரீட்சை. முத்தரசி போய்விட்டால் அவனுக்குக் கணக்கு யார் சொல்லிக் கொடுப்பார்கள் என்பதுதான் என் மனதில் ஓடியது. மற்றவர்களின் மனதில் என்ன ஓடியது என்று நான் சொல்லக் கூடாது, ஆனால் ஒவ்வொருத்திக்கும் அப்படி ஒன்று இருந்தது, எல்லாமே நியாயமான காரியங்கள்.

சொன்னபடி பேசினோம். மூன்று நாள், நாற்பது பேர், முத்தரசியைச் சுற்றி உட்கார்ந்து பாலவேசத்துக்குப் போன் போட்டோம். ஜெபமணி அக்கா வேதம் சொன்னாள். ஒருத்தி போலீஸ் என்று மிரட்டினாள். ஒருத்தி அழுதாள். நான் படிப்பின் அருமையை எடுத்துச் சொன்னேன். அவன் முதல் நாள் எல்லோருக்கும் மரியாதையாகப் பதில் சொன்னான். இரண்டாம் நாள், "எங்கக்காவுக்கு அவ்ளோ அக்கற இருந்தா வரச் சொல்லுங்க" என்றான். மூன்றாம் நாள் போனை அணைத்து வைத்துவிட்டு முகூர்த்தத்தைப் பத்து நாள் முன்னால் இழுத்துவிட்டான். எங்கெங்கிருந்தோ போன் போட்டு எவளெவளோ மிரட்டுகிறாள், குமருப் பிள்ளையை வீட்டில் வைத்துக்கொண்டிருக்க முடியாது என்று சொன்னானாம்.

கல்யாணம் ஞாயிற்றுக்கிழமை. அங்கே ஒன்பது மணி, எங்களுக்கு ஏழரை. கேம்ப் பாஸ் கூடத்துக்கே அரை நாள் லீவு கொடுத்தார், பாயசத்துக்குப் பாலும் வாங்கி அனுப்பினார். நாங்கள் பெட்டிக்குள் இருந்த பட்டுப்புடவைகளை எடுத்துக் கட்டிக்கொண்டோம். முத்தரசிக்குத் தலை வாரி, ஆஸ்பத்திரித் தோட்டத்திலிருந்து பறித்து வந்த ஏதோ ஒரு வெள்ளைப் பூவை வைத்துவிட்டோம். அவள் வைக்க விட்டாள். ஆந்திராக்காரி ஒருத்தியிடம் இருந்த பெரிய டேப்லெட்டில் படத்தைப் போட்டு, கட்டிலின் மேல் தலையணை அடுக்கி அதன்மேல் வைத்தோம்.

அவ்வளவு தெளிவான படத்தை நான் பார்த்ததில்லை. ஒரு இடத்திலும் நிற்கவில்லை, திக்கவில்லை. செண்பகத்தின் கழுத்தில் வியர்வை வழிந்தது தெரிந்தது, மாலையில் ஒரு எறும்பு ஊர்ந்தது தெரிந்தது. அங்கே ஒரு பெண் போனைப் பிடித்துக்கொண்டு மணமேடைக்குக் கிட்டே போய், "ஏ செண்பகம், உங்கம்மா பாக்காங்க, இங்கிட்டுப் பாரு" என்றாள். செண்பகம் தலையைத் தூக்கவில்லை. அந்தப் பெண் மறுபடியும் சொன்னாள். செண்பகம் தன் காலைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். மேளம் உச்சத்துக்குப் போனது. நாங்கள் நாற்பது பேரும் கையில் வைத்திருந்த மஞ்சள் அரிசியை டேப்லெட்டின் மேல் தூவினோம். அரிசி கண்ணாடியில் பட்டுத் தெறித்துக் கட்டிலெல்லாம் சிதறியது. முத்தரசியின் கையில் கொடுத்த அரிசி அவள் கைக்குள்ளேயே இருந்தது.

பிறகு ஒருத்தி, "நேர்ல பாத்த மாதிரியே இருந்துச்சுக்கா" என்றாள்.

சொன்னது நான்.

முத்தரசி நாற்காலியில் போய் உட்கார்ந்துகொண்டாள். சாயங்காலம் சுவரில் எழுதியிருந்தபடி முதல் எட்டுப் பேர் வந்தார்கள்.

அதற்குப் பிறகு அவள் எங்களிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். எங்களுக்கு வார லீவான வெள்ளிக்கிழமைக் காலையில் வரிசை தொடங்கும் முன் தனக்கு முதல் இடம் வேண்டும் என்றாள். ஜெபமணி அக்கா அவள் பெயரை முதலில் எழுதினாள். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் முத்தரசி மகளுக்குப் போன் போடுவாள். மணி முழுசாக அடித்து நின்றுவிடும். மறுபடி போடுவாள், மறுபடி அடித்து நிற்கும். டவர் நாலு கோட்டோடு நிமிர்ந்து நின்றது, அதன் பேரில் ஒரு குறையும் சொல்ல முடியாது. எட்டுப் பேர் கையில் போனோடு காத்திருப்போம். பத்து நிமிடம் பொறுத்துப் பார்த்துவிட்டு யாராவது ஒருத்தி மெதுவாக, "எடுக்கலன்னா அப்புறமா போட்டுக்கலாமேக்கா, அங்க பிள்ளைக டியூசனுக்குப் போயிரும்" என்பாள். முத்தரசி போனை மடியில் கவிழ்த்து வைப்பாள். நாங்கள் முதுகைத் திருப்பிக்கொண்டு பேசத் தொடங்குவோம்.

இப்படி ஐந்து மாதம். என் மகன் பரீட்சை எழுதிவிட்டான். அப்புறம் ஒரு நாள் அந்த நாட்டு அரசாங்கம் அடைத்து வைத்திருந்ததைத் திறந்துவிட்டது. முகம் பார்த்துப் பேசலாம், தனி கார்டு தேவையில்லை. கீழே கடைக்காரர் மாதம் முழுவதும் வருகிற பேக்கேஜ் ஒன்றைக் கொண்டுவந்தார். ஒரு வேளைக் கோழிச் சோற்றின் விலைதான். முதல் நாள் ஆறு பேர் வாங்கினார்கள். நாலாம் நாள் நாற்பது பேரிடமும் இருந்தது, யோகேஸ்வரிதான் முதலில் வாங்கியவள். அவரவர் கட்டிலில் படுத்துக்கொண்டு, அவரவர் சுவரைப் பார்த்துக்கொண்டு பேசினோம். சுவரில் ஜெபமணி அக்கா எழுதி ஒட்டிய பட்டியலின் மேலேயே பேக்கேஜ் விளம்பரத்தை யாரோ ஒட்டிவிட்டுப் போயிருந்தார்கள். சாயங்காலம் முத்தரசி பழக்கத்தில் நாற்காலியில் வந்து உட்காருவாள். அவளைச் சுற்றி நாலு கோடும் நின்றிருக்கும், இரண்டு கட்டில் தூரத்துக்கு. அதற்குள் ஒருத்தியும் இருக்க மாட்டாள்.

கேம்ப் பாஸ் அவளை மறுபடி துடைப்ப வேலைக்குப் போட்டார். மூன்றாவது வாரம் அவள் கேட்காமலே பாஸ்போர்ட்டைக் கொடுத்து அனுப்பினார். ஆள் குறைப்பாம்.

அவள் கிளம்பியது ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம். எல்லோரும் கூடத்தில்தான் இருந்தோம், எல்லோரும் போனில் இருந்தோம். அவள் ஒவ்வொரு கட்டிலாகப் போய் நின்றாள். பேச்சை நிறுத்தாமல் கையை ஆட்டினார்கள், சிலர் போனைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு அவள் கையை அமுக்கினார்கள். ஜெபமணி அக்கா தன் போனை அவள் பக்கம் திருப்பி, "முத்தரசி பாட்டி ஊருக்குப் போறாங்க பாரு, டாட்டா சொல்லு" என்றாள். ஒரு குழந்தை டாட்டா சொன்னது. நான் அவள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வேன் வரை போனேன்.

"கனி, மகனுக்கு ரிசல்ட் வந்துட்டா?" என்று கேட்டாள்.

"அடுத்த வாரம்க்கா."

"அல்ஜீப்ரால கொஞ்சம் தடுமாறுவான். மத்ததெல்லாம் நல்லாப் போடுவான்" என்றாள். வேன் கிளம்பிவிட்டது.

அடுத்த வருஷம் நான் லீவில் ஊருக்கு வந்தபோது அவளைத் தேடிப் போனேன். முதலில் விளாத்திகுளம் பக்கத்தில் அவள் ஊருக்கு. பாலவேசம் வாசலில் நிற்க வைத்தே பேசினான். அக்கா சாயல்குடியில் இருக்கிறாள் என்றான். நான் யாரென்று தெரிந்துகொண்டதும், ஊருக்கு வெளியே கருவக்காட்டில் நின்ற டவரைக் கையால் காட்டி, "ரெண்டர வருசமும் அது இங்கனதான் நின்னுச்சு. எங்கயும் போகல" என்றான்.

சாயல்குடியில் எண்ணெய் மில்லுக்குப் பின்னால் ஒற்றை அறையில் முத்தரசி இருந்தாள். ஒரு ஹோட்டலுக்கு மாவு அரைத்துக் கொடுக்கிறாள். செண்பகத்தின் வீடு இரண்டு தெரு தள்ளி. முத்தரசி இப்போது போன் வைத்துக்கொள்ளவில்லை. ஊருக்கு வந்த அன்றே போய் அந்த வீட்டு வாசலில் நின்றதாகவும், ஐந்தாவது நாள்தான் செண்பகம் கதவைத் திறந்ததாகவும் சொன்னாள். இப்போது தினமும் மகள் வருகிறாளாம், கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டுப் போகிறாளாம்.

எனக்கு மோர் கொடுத்தாள். குடித்தேன். டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டிருந்தேன்.

"அன்னைக்கு நாங்க படிக்கட்டுல உக்காந்திருக்கணும்க்கா" என்றேன் கடைசியில்.

அவள் டம்ளரை வாங்கிக் கழுவிக் கவிழ்த்தாள். "ஆமா, உக்காந்திருக்கலாம்" என்றாள்.

கோபமாகச் சொல்லியிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

அப்போது செண்பகம் வந்தாள். இடுப்பில் ஆறு மாதக் குழந்தை. நான் டேப்லெட்டில் பார்த்த முகம்தான், ஆனால் கன்னம் ஒட்டிப் போயிருந்தது. குழந்தையைத் தாயிடம் கொடுத்துவிட்டு என்னைப் பார்த்தாள்.

"யாரும்மா?"

"அங்க என்கூட இருந்தவ."

செண்பகம் என்னை மேலும் கீழும் பார்த்தாள். "என் கல்யாணத்த எல்லாரும் சேந்து போன்ல பாத்தீங்களாமே, அவங்களா?"

"ஆமாம்மா."

அவள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு சுவரோரம் உட்கார்ந்தாள்.

"நல்லாத் தெரிஞ்சுச்சா?" என்று கேட்டாள்.

"தெரிஞ்சுச்சு" என்றேன்.